கடைசி ஐந்து நிமிட வினாக்களிலிருந்து தொடங்குங்கள்: பயிற்சி ஆசிரியர்களுக்கான பாடக்குறிப்பு, மதிப்பீடு செய்முறை விளக்கம்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாக்கப்பட்டு, அதில் 20 வாரங்களைப் பயிற்சி ஆசிரியர்கள் பள்ளிகளில் கழிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. அந்த வாரங்களில் எழுதப்படும் பாடக்குறிப்புகளில் பெரும்பாலானவை முந்தைய ஆண்டு மாணவர்களின் பதிவேட்டைப் பார்த்து எழுதப்படுகின்றன என்பதை இத்துறையில் இருக்கும் எவரும் அறிவர். அறிமுகம், பாடப்பொருள், கற்பித்தல் துணைக்கருவிகள், தொகுத்தல், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்ற வரிசையில் கட்டங்களை மேலிருந்து கீழாக நிரப்பும்போது, மதிப்பீடு என்பது கடைசியில் இடம் மீந்தால் எழுதப்படும் இரண்டு வினாக்களாகச் சுருங்கிவிடுகிறது. உங்கள் கல்லூரி தரும் படிவத்தை மாற்ற வேண்டியதில்லை. அதைக் கீழிருந்து மேலாக நிரப்பினால் போதும். எப்படி என்பதை ஆறாம் வகுப்புக் கணக்கில் வரும் வேற்றினப் பின்னங்களின் (பகுதி எண்கள் வெவ்வேறாக உள்ள பின்னங்களின்) கூட்டல் என்ற ஒரே பாடத்தைக் கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: பாடத்தை மாணவராக இருந்து செய்து பாருங்கள்

பாடநூலின் எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிக் கணக்குகள் அனைத்தையும் தாளில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும், இந்த வரியை எழுத மாணவருக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்பாடத்திற்கு முழுமையும் அதன் பங்கும் பற்றிய தெளிவு, சமான பின்னங்கள், மீச்சிறு பொது மடங்கு ஆகிய மூன்றும் தேவை. முன்னறிவு என்ற கட்டத்தில் எழுத வேண்டியவை இவையே; 'மாணவர்கள் பின்னங்களைப் பற்றி முன்னரே அறிந்துள்ளனர்' என்ற பொதுவான வாக்கியம் யாருக்கும் உதவாது.

அடுத்து, மாணவர்கள் எங்கே தவறுவார்கள் என்பதைக் கண்டுபிடியுங்கள். வழிகாட்டி ஆசிரியரிடம் சென்ற தேர்வின் விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் இது எளிதில் தெரியும். இப்பாடத்தில் எல்லா ஊர்களிலும் காணப்படும் தவறு, 1/2 + 1/3 = 2/5 என்பதாகும். இது கவனக்குறைவால் வருவதன்று. தொகுதியையும் பகுதியையும் தனித்தனி முழு எண்களாகக் காணும் குழந்தை, தனக்கு நன்கு தெரிந்த கூட்டலையே இங்கும் செய்கிறது. அரையுடன் இன்னும் ஒரு பங்கைச் சேர்த்த பிறகு கிடைக்கும் 2/5, அரையைவிடச் சிறியதாக இருக்கிறது என்பதை அக்குழந்தை கவனிக்கவில்லை. அதைக் கவனிக்க வைப்பதற்காகத்தான் இந்தப் பாடவேளை.

இரண்டாம் படி: கற்றல் விளைவைக் கண்ணால் காணக்கூடிய வினைச்சொல்லால் எழுதுங்கள்

1956-இல் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு வகுத்து, 2001-இல் திருத்தியமைக்கப்பட்ட கற்றல் படிநிலைகளை, அதாவது நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் ஆகியவற்றை, வகுப்பில் மனப்பாடமாகவே படித்திருப்பீர்கள். ஒரே பாடவேளையில் ஆறையும் அடைக்க முயலாதீர்கள். நாற்பது நிமிடங்களுக்கு இரண்டு விளைவுகள் போதும். 'பின்னக் கூட்டலைப் புரிந்துகொள்வர்' என்று எழுதினால், புரிந்ததா என்பதை நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? அதற்கு மாறாக இவ்வாறு எழுதலாம்: 'வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட இரண்டு தகு பின்னங்களைச் சமான பின்னங்களாக மாற்றிக் கூட்டுவர்', 'கூட்டல் விடை ஒன்று பொருத்தமானதா என்பதைப் படம் வரைந்து காரணத்துடன் கூறுவர்.' கூட்டுவர், வரைவர், கூறுவர் ஆகிய மூன்றும் நோட்டில் தெரியக்கூடிய செயல்கள்.

மூன்றாம் படி: பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்திற்கான வினாக்களை இப்போதே எழுதுங்கள்

செயல்பாடுகளைப் பற்றி யோசிக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். நம் பாடத்திற்கு மூன்று வினாக்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 1/4 + 1/6 காண்க. இந்த எண்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: 5/12 என எழுதுபவர் மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தியிருக்கலாம், 10/24 என எழுதுபவர் பகுதிகளைப் பெருக்கியிருக்கலாம், 2/10 என எழுதுபவர் பழைய தவறிலேயே நிற்கிறார். முதலிரண்டு விடைகளும் சரி, ஆனால் அவை சொல்லும் செய்தி வேறு. இரண்டாவது, 'ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என எழுதினாள்; இது சரியாக இருக்க முடியுமா? படம் வரைந்து கூறுக.' மூன்றாவது, காலையில் 1/2 லிட்டரும் மாலையில் 1/5 லிட்டரும் பால் வாங்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் வாங்கப்படுகிறது என்ற வாய்மொழிக் கணக்கு.

ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே, வகுப்பில் பாதிப் பேர் இதைத் தவறவிட்டால் நாளை என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். எதையும் எழுதத் தோன்றவில்லை என்றால் அந்த வினாவை நீக்கிவிடலாம்.

நான்காம் படி: இப்போது நாற்பது நிமிடங்களைப் பிரியுங்கள்

முன்னறிவைச் சோதிக்க ஐந்து நிமிடம், செயல்பாட்டிற்குப் பதினைந்து, கரும்பலகையில் கணக்குகளுக்குப் பதினைந்து, இறுதி வினாக்களுக்கு ஐந்து. செயல்பாட்டிற்குத் தெர்மாகோல் மாதிரிகளையும் வண்ண அட்டைகளையும் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் பரவலாக உள்ளது. இப்பாடத்திற்குப் பழைய நோட்டுத் தாளிலிருந்து வெட்டிய 12 செ.மீ. நீளப் பட்டைகள் மூன்று, மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இருந்தால், அவற்றைவிடச் சிறந்த துணைக்கருவி இல்லை என்பேன்.

தாளைச் சமமாக மூன்றாக மடிப்பது பதினொரு வயதுக் குழந்தைக்குக் கடினம். அதனால் மடிக்கச் சொல்லாமல் அளவுகோலால் குறிக்கச் சொல்லுங்கள். முதல் பட்டையில் 6 செ.மீ. வரை வண்ணம் தீட்டினால் 1/2. இரண்டாம் பட்டையில் 4 செ.மீ. வரை தீட்டினால் 1/3. இரண்டு வண்ணத் துண்டுகளையும் வெட்டி, ஒன்றையடுத்து ஒன்றாக முழுப் பட்டை ஒன்றின் மேல் வைத்தால் 10 செ.மீ. வரை வருகிறது. 'இந்த இரண்டு நீளங்களையும் எந்தத் துண்டால் மீதியின்றி அளக்கலாம்?' என்று கேளுங்கள். 2 செ.மீ. துண்டு இரண்டையும் அளக்கும் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். முழுப் பட்டையில் அத்தகைய துண்டுகள் ஆறு. வண்ணம் தீட்டியதில் மூன்றும் இரண்டுமாக ஐந்து. 3/6 + 2/6 = 5/6 என்பது கரும்பலகைக்கு வரும் முன்பே கையில் கிடைத்துவிடுகிறது. பின்னர் 1/2 + 1/4, 2/3 + 1/4 ஆகியவற்றைக் கரும்பலகையில் செய்யுங்கள். விடைகளைப் பட்டையில் 9 செ.மீ., 11 செ.மீ. என அளந்து சரிபார்க்கலாம்.

கேட்கப்போகும் வினாக்களைப் பாடக்குறிப்பில் முழு வாக்கியமாக எழுதுங்கள். 'வினாக்கள் கேட்டல்' என்று எழுதிவிட்டுச் சென்றால், வகுப்பில் வாயில் வருவது 'புரிந்ததா?' என்பதாகவே இருக்கும். அதற்கு எல்லா வகுப்புகளும் 'புரிந்தது' என்றே பதில் சொல்லும். கேட்ட பிறகு காத்திருங்கள். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று விநாடிகளுக்கு மேல் காத்திருந்தால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் காரணத்துடனும் அமைகின்றன என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைப் பதிவுகளிலிருந்து காட்டினார். உங்கள் கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் (ஒரு திறனை மட்டும் சில நிமிடங்கள் நடத்திப் பழகும் பயிற்சி) நடக்கும்போது, ஆறு நிமிடங்களுக்கு இந்தப் பட்டைச் செயல்பாட்டையும் அதன் வினாக்களையும் மட்டும் நடத்திப் பாருங்கள்.

ஐந்தாம் படி: அலகுத் தேர்வை வடிவமைத்தல்

அன்றாட வகுப்பில் கேட்கும் இறுதி வினாக்கள் வளரறி மதிப்பீடு. பருவ இறுதியில் நடப்பது தொகுத்தறி மதிப்பீடு. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது இவற்றுக்கு முறையே 40, 60 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டன. பயிற்சிக் காலத்தில் நீங்கள் தயாரிக்கும் அடைவுச் சோதனைக்கு, வினாத்தாளுக்கு முன் புளூபிரிண்ட் எனப்படும் திட்டவரைவை உருவாக்க வேண்டும். வினாத்தாளை எழுதி முடித்துவிட்டு அதற்கேற்ப வரைவைப் பின்னால் தயாரிப்பது, நில அளவை இன்றி வீட்டைக் கட்டிவிட்டு வரைபடம் போடுவதைப் போன்றது.

பின்னங்கள் அலகுக்கு 25 மதிப்பெண், 40 நிமிடம் எனக் கொள்வோம். பாடப்பொருள்வாரியாகச் சமான பின்னங்களுக்கும் ஒப்பிடுதலுக்கும் 6, கூட்டல் கழித்தலுக்கு 9, கலப்பு பின்னங்களுக்கு 4, பெருக்கல் வகுத்தலுக்கு 6. படிநிலைவாரியாக நினைவுகூர்தலுக்கு 4, புரிதலுக்கு 9, பயன்படுத்துதலுக்கு 9, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 3. வினா வகையில் ஒரு மதிப்பெண் வினா 5, இரண்டு மதிப்பெண் வினா 5, ஐந்து மதிப்பெண் வினா 2. மூன்று வழிகளிலும் கூட்டுத்தொகை 25 வருகிறதா என்று சரிபாருங்கள். முறையே 1, 3, 8 நிமிடங்கள் வீதம் 36 நிமிடங்கள் ஆகின்றன. நான்கு நிமிடம் திருப்பிப் பார்க்க.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில்தான் புதியவர்களின் உழைப்பு வீணாகிறது. சரியான விடை ஒன்றை எழுதிவிட்டு, மற்ற மூன்றிற்கும் வாய்க்கு வந்த எண்களைப் போடுகிறார்கள். 2/5 + 1/4 என்ற கணக்கிற்கு 13/20 சரியான விடை. 3/9 என்பது தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டியவரின் விடை. 3/20 என்பது பொதுப் பகுதியைக் கண்டுபிடித்தும் தொகுதிகளை மாற்ற மறந்தவரின் விடை. 2/20 என்பது கூட்டலுக்குப் பெருக்கல் விதியைப் பயன்படுத்தியவரின் விடை. இவ்வாறு அமைத்தால் தவறான ஒவ்வொரு விடையும் உங்களுக்கு ஒரு தகவலைத் தருகிறது.

ஐந்து மதிப்பெண் வினாவிற்கு, தேர்வுக்கு முன்பே மதிப்பெண் பகிர்வை எழுதிவிடுங்கள். ஒரு விவசாயி நிலத்தின் 1/3 பங்கில் நெல்லும் 2/5 பங்கில் கடலையும் பயிரிட்டால் மீதி எவ்வளவு என்ற கணக்கில், கூட்டலாக அமைத்ததற்கு 1, பொதுப் பகுதி 15 கண்டதற்கு 1, 11/15 பெற்றதற்கு 1, ஒன்றிலிருந்து கழித்ததற்கு 1, 4/15 என விடையைச் சொல்லாக எழுதியதற்கு 1. கூட்டலில் தவறி, அந்தத் தவறான எண்ணை ஒன்றிலிருந்து முறையாகக் கழித்த மாணவருக்குக் கழித்தலுக்கான மதிப்பெண்ணைக் கொடுக்க வேண்டும். சக பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் ஐந்து விடைத்தாள்களைக் கொடுத்து இதே பகிர்வின்படி திருத்தச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் மதிப்பெண்களும் பெரிதும் வேறுபட்டால் பகிர்வு தெளிவாக இல்லை.

ஆறாம் படி: விடைத்தாள்களைப் படித்தல்

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பதிவேட்டில் ஏற்றிவிட்டுக் கட்டைக் கட்டி வைக்காதீர்கள். வினா எண்களை மேலே எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் எந்தத் தவறைச் செய்தனர் என்று கோடு போட்டு எண்ணுங்கள். வகுப்பில் முன்னிலையில் உள்ளவர்கள் தவறவிட்டு, பின்னிலையில் உள்ளவர்கள் சரியாகச் செய்த வினா இருந்தால், குறை பெரும்பாலும் வினாவின் சொற்களில்தான் இருக்கும்.

குறைதீர் கற்பித்தலுக்கு மாணவர்களை மதிப்பெண் வாரியாகப் பிரிக்காமல் தவறு வாரியாகப் பிரியுங்கள். 3/9 எனக் குறித்தவர்களுக்கு மீண்டும் 12 செ.மீ. பட்டை தேவை, 3/20 எனக் குறித்தவர்களுக்குச் சமான பின்னங்களில் பத்து நிமிடப் பயிற்சி போதும். மூன்று நாள் கழித்து, எண்களை மட்டும் மாற்றிய இணை வினாக்களை இரு குழுவினருக்கும் கொடுத்து, பழைய விடையையும் புதிய விடையையும் அருகருகே உங்கள் பாடக்குறிப்பின் கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள்.