லினக்ஸ் போட்டபின் லேப்டாப் எழும்பவில்லையா? அவசரத்தில் செய்யக்கூடாதவை

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் வகைகளில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டுப் பார்ப்பது நல்ல விஷயம். ஆனால் ரீஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரை வந்தால், பலரும் உடனே மறுபடி முதலிலிருந்து நிறுவுகிறார்கள். அது வேண்டாம். அமைப்பை மாற்றாமல் எத்தனை முறை நிறுவினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். அவசரத்தில் தவறான பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) தேர்ந்தெடுத்தால் புராஜெக்ட் ஃபைல்களும் போய்விடும்.

முதலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எதைத் தொடங்க வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவே வரவில்லையா, மெனு வந்தபிறகு திரை இருள்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மெனு வராததற்குப் பெரும்பாலும் காரணம், விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் இருக்க, பென்டிரைவை லெகசி என்ற பழைய முறையில் பூட் செய்து நிறுவியதுதான். லேப்டாப்பின் பூட் மெனுவில் (எந்த டிரைவிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம். யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்கள், பூட் ஃபைல்களோடு ஏற்கெனவே இருக்கும் சிறிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யவே கூடாது. செய்தால் விண்டோஸும் எழும்பாது. நேராக விண்டோஸுக்கே போகிறதென்றால், பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில்) பூட் வரிசையை மாற்றினாலே பல நேரம் போதும்.

மெனு வந்து அப்புறம் திரை இருண்டால் கிராஃபிக்ஸ் பக்கம் சந்தேகப்படுங்கள், குறிப்பாக என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால். மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) என்று ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். உள்ளே போனதும் சரியான டிரைவரைப் போட வேண்டும். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் இயங்கினால், டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்யும்போது ஒரு நீலத் திரை வரலாம். அங்கே டிரைவரை நம்பச் சொல்லும் சாவியைப் பதிவு செய்யாமல் 'கன்டினியூ' கொடுத்துவிட்டால் டிரைவர் ஏறாது. இந்த இடத்தில் தவறுகிறவர்கள் மிக அதிகம்.

செக்யூர் பூட்டை அணைக்கத் தோன்றுகிறதா? சரி, ஆனால் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முன்பே எழுதி வையுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் திறக்காமல் போகலாம்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. பேட்டரி செத்த லேப்டாப்பில் மழை நாளில் நிறுவத் தொடங்காதீர்கள். கிரப்பை நிறுவலின் கடைசிக் கட்டத்தில்தான் எழுதுகிறார்கள்; அந்த நேரம் கரண்ட் போனால், எல்லாம் ஏறியிருந்தும் பூட் ஆகாது. இதற்கும் மறுநிறுவல் தேவைப்படாமல் போகலாம். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் மின்ட்டின் லைவ் பென்டிரைவிலேயே, பூட் கோளாறைச் சரிசெய்யும் பூட் ரிப்பேர் என்ற கருவி இருக்கிறது. யூஇஎஃப்ஐ முறையில் நிறுவியிருந்தால், பென்டிரைவையும் அதே முறையில் பூட் செய்து அதை இயக்குங்கள். அதற்கு முன் தேவையான ஃபைல்களை லைவ் திரையிலிருந்தே வேறு டிரைவுக்கு எடுத்துவிடுங்கள்.

தெரிந்த அண்ணனிடமோ கடையிலோ கேட்பதாக இருந்தால், திரையில் வந்த எழுத்துகளைப் போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். 'ஓடவில்லை' என்ற ஒரு சொல்லை வைத்து யாராலும் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது.