ஜோன்ஸ்டவுனை மலையகத்தில் மேடையேற்றுவது எப்படி?

ஹட்டன் பக்கம் நாடகக் குழு வைத்திருக்கிறீர்கள், ஜோன்ஸ்டவுன், அதாவது அமெரிக்கப் போதகர் ஜிம் ஜோன்ஸ் தன் சபையாரோடு தென்னமெரிக்காவின் கயானாவில் அமைத்த குடியிருப்பு, அதன் கதையைத் தமிழில் செய்ய ஆசை. சரி, முதலில் ஜிம் ஜோன்ஸ் வேஷத்துக்கு ஆள் தேடுவதை நிறுத்துங்கள். 1978 நவம்பர் 18 அன்று கயானாவில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் சுமார் 300 பேர் பிள்ளைகள். நாடகம் அவர்களுடையது, தப்பியவர்களுடையது.

தப்பியவர்கள் எழுதியதும் அந்தச் சபையின் ஒலிநாடாக்களின் எழுத்து வடிவமும் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழக இணையதளத்தில் கிடைக்கும். தமிழாக்கும்போது தயக்கத்தையும் பாதியில் நின்ற பேச்சையும் திருத்தாதீர்கள். "எல்லாரும் தற்கொலை செய்துகொண்டார்கள்" என்று முடித்துவிடவும் வேண்டாம். சுற்றி ஆயுதத்தோடு காவல் நின்றது, சயனைட் முதலில் கொடுக்கப்பட்டது பிள்ளைகளுக்குத்தான்.

ஏன் சேர்ந்தார்கள் என்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். நிறவெறி மிகுந்த அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்த சபை அது, வயதானவர்களைப் பார்த்துக்கொண்டது. அப்புறம்தான் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட கதை. வளைகுடாவில் வீட்டு வேலை செய்து திரும்பிய பெண்கள் முன்னால் இருந்தால் அந்த வரிக்கு விளக்கமே வேண்டாம், சொல்லிவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள்.

ஒரே நடிகர் பல குரல் பேசலாம், ஒவ்வொரு முறையும் யார் பேசுவது என்று சொல்லிவிட்டு. தப்பு மேளம் அடித்து உருக்கம் கூட்டாதீர்கள். கடைசி நாள் ஒலிநாடாவை ஓடவிடவே கூடாது, அதில் பிள்ளைகளின் அழுகை இருக்கிறது. தகரக் கூரை மண்டபம் என்றால் ஜூன், ஜூலையைத் தவிருங்கள், மழையில் ஒரு சொல் கேட்காது.