சிற்றுருவ வீரர்களுக்கு உருமறைப்புச் சீருடை தீட்டும் முறை

உருமறைப்புத் துணி, மனித உருவத்தின் விளிம்பைச் சிதைத்துக் கண்ணை ஏமாற்றுவதற்காக அச்சிடப்படுவது. சிற்றுருவத்துக்கு வண்ணம் தீட்டுபவரோ அதே உருவத்தின் மடிப்புகளையும் வளைவுகளையும் எடுத்துக் காட்ட வேண்டியவர். திட்டுகளை எவ்வளவு துல்லியமாகப் படியெடுத்தாலும், மடிப்புகள் தெரியாவிட்டால் அது துணியாகத் தோன்றாது, புள்ளி வைத்த பிளாஸ்டிக்காகவே தோன்றும்.

முதலில் அளவைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 175 செ.மீ. உயரமுள்ள வீரர் 1:35 விகிதத்தில் 50 மி.மீ. உயரமும், 1:72 விகிதத்தில் ஏறத்தாழ 24 மி.மீ. உயரமும் இருப்பார். உண்மைத் துணியில் 14 செ.மீ. நீளமுள்ள ஒரு திட்டு 1:35 உருவத்தில் 4 மி.மீ. மட்டுமே. தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை திட்டுகளைப் பெரிதாக்கிவிடுவதுதான். அமெரிக்கப் படையின் 1981ஆம் ஆண்டு உட்லேண்ட் (காட்டுநில) உருமறைப்பு வடிவம், 1948இல் அப்படையின் ஆய்வகத்தில் உருவாகி வியட்நாம் போரில் அணியப்பட்ட இ.ஆர்.டி.எல். வடிவத்தை 60 விழுக்காடு பெரிதாக்கியது. ஆகவே வியட்நாம் போர்க்கால வீரருக்கு உட்லேண்ட் அளவில் திட்டுகளை வைத்தால், நிறம் சரியாக இருந்தாலும் காலம் தவறிவிடும். சீருடையின் தெளிவான புகைப்படம் ஒன்றைக் கண்முன் வைத்துக்கொள்ளாமல் தூரிகையைத் தொடாதீர்கள்.

உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, வார்ப்பச்சு விட்டுச்சென்ற கோடுகளைச் சுரண்டி எடுத்து, வண்ணம் ஒட்டிப்பிடிக்க உதவும் சாம்பல் நிறப் பிரைமரை (அடிப்பூச்சை) மெல்லியதாக அடிக்கவும். அக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்த்து, ஒரே கனத்த பூச்சாக இல்லாமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும்.

உட்லேண்ட் வடிவத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பச்சையை அடிநிறமாகப் பூசி, மேலே பழுப்புத் திட்டுகளையும், அவற்றுக்கிடையே ஒடுங்கிய மணல் நிறத் திட்டுகளையும், கடைசியாகக் கிளைகளைப் போல் முறுக்கி ஓடும் கறுப்பையும் வைக்கலாம். கறுப்புக்குக் குப்பியிலுள்ள சுத்தக் கறுப்பைப் பயன்படுத்த வேண்டாம். அடர்சாம்பலே போதும், ஏனெனில் பிறகு நிழல் காட்ட அதைவிட இருண்ட நிறம் ஒன்று மிச்சமிருக்க வேண்டும். பிற நிறங்களையும் உண்மைத் துணியைவிடச் சற்று வெளிறியதாகக் கலக்க வேண்டும். சிறிய பொருளில் நிறம் எப்போதும் ஒரு படி இருண்டே தெரியும். தூரிகை மிக மெலிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, முனை கூர்மையாக இருப்பதே முக்கியம். 1ஆம் எண் தூரிகையின் நல்ல முனை, வண்ணம் விரைவில் காய்ந்துபோகும் மயிரிழைத் தூரிகையைவிட நன்றாக வேலை செய்யும்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. துணி முதலில் அச்சிடப்பட்டு, பிறகுதான் வெட்டித் தைக்கப்படுகிறது. எனவே மார்புப் பையின் மூடி, பையின் உடற்பகுதி, அதன் பின்னாலுள்ள சட்டை ஆகிய மூன்றும் துணியின் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. சட்டையில் ஓடிவரும் ஒரு பழுப்புத் திட்டு பையின் விளிம்பில் சட்டென வெட்டுப்பட வேண்டும். பையின்மேல் அது தொடரக் கூடாது. தோள் மூட்டு, கழுத்துப்பட்டி, கால்சட்டையின் பக்கத் தையல் ஆகிய இடங்களிலும் இப்படியே வெட்டிவிட்டு, தையல் கோட்டில் இருண்ட பழுப்பில் ஓர் இழை இழுத்தால், தைத்த உடை என்ற எண்ணம் அங்கேயே பிறந்துவிடும்.

நிழலுக்கு, உருவம் முழுவதும் நீர்த்த கரும்பழுப்பை வழியவிடும் முறையை நான் கைவிட்டுவிட்டேன். ஒருமுறை அப்படி ஊற்றியதில், மூன்று மாலைப்பொழுதுகள் செலவிட்டு வைத்த மணல் நிறத் திட்டுகள் எல்லாம் அழுக்குப் படிந்தவையாகிவிட்டன. அதற்குப் பதிலாக, மிக நீர்த்த கரும்பழுப்பை மடிப்பின் பள்ளத்தில் மட்டும் இரண்டு மூன்று முறை இட்டு, மடிப்பின் முகட்டில் ஒவ்வொரு திட்டையும் அதனதன் நிறத்தின் வெளிறிய கலவையால் தொட்டுச் செல்லவும். பச்சைக்கு வெளிர்பச்சை, பழுப்புக்கு வெளிர்பழுப்பு. ஒரே வெளிர் நிறத்தை நான்கின் மீதும் இழுத்தால் தூசி படிந்தது போலாகிவிடும். பெரிய மடிப்புகளில் வேறுபாட்டைச் சற்று மிகைப்படுத்தியே காட்டுங்கள், இல்லாவிட்டால் திட்டுகள் அவற்றை விழுங்கிவிடும்.

1931இல் வந்த ஜெர்மானியச் சில்லு வடிவத்தில் கோணமுள்ள திட்டுகளின்மேல் மழைத்தாரை போன்ற மெல்லிய கோடுகள் உண்டு. 1:35இல் அவற்றில் சிலவற்றைப் போட்டால் போதும், 1:72இல் விட்டுவிடுவதே நல்லது. 1944ஆம் ஆண்டுப் பட்டாணிப் புள்ளி வடிவத்தில் திட்டுகளை முதலில் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சிறு புள்ளிகளைக் குத்த வேண்டும். அமெரிக்க மரைன் படையின் மார்பாட் போன்ற சதுரத்துணுக்கு வடிவங்களில் தனித்தனிச் சதுரங்களை இந்த அளவில் வரைய முயல்வது வீண். திட்டுகளின் விளிம்பை மட்டும் படிக்கட்டு போல் உடைத்துக் காட்டினால் கண் மற்றதை நிரப்பிக்கொள்ளும்.

முழங்கால், முழங்கை, பையின் விளிம்பு ஆகிய தேய்மான இடங்களில் வெளிறிய நிறத்தைத் தடவிய பின், பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் பூசுங்கள். பளபளப்பு சிறிதளவு இருந்தாலும் துணி என்ற தோற்றம் கெட்டுவிடும். இடுப்புப் பட்டை, காலணி, துப்பாக்கி ஆகியவற்றை வார்னிஷ் காய்ந்த பிறகு தீட்டினால், தோலின் மங்கிய மினுக்கமும் இரும்பின் பளபளப்பும் துணியிலிருந்து தாமாகவே பிரிந்து நிற்கும்.