வெள்ளை மாளிகையில் கையெழுத்து விழுந்ததும் இன்சூரன்ஸை நிறுத்திவிடாதீர்கள்

அமெரிக்கா வந்த முதல் மாதம் வங்கிக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி எண், கார் லைசென்ஸ் என்று ஓட்டமாகத்தான் இருக்கும். அதற்கு நடுவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்து விழும். அதிபர் தடித்த பேனாவால் கையெழுத்துப் போட்டு, தாளைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டுவார். கீழே யாராவது, 'ஒபாமாகேர் ரத்து!' என்று எழுதியிருப்பார்கள். (ஒபாமாகேர் என்பது மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய, ஒபாமா காலத்துச் சட்டம்.) அந்த வரியை நம்பி எதையும் செய்துவிடாதீர்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் செய்தார். 2017 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற சில மணி நேரத்தில், ஒபாமாகேருக்கு எதிராக ஒரு எக்ஸிகியூட்டிவ் ஆர்டரில் கையெழுத்திட்டார். 'இனிமேல் இன்சூரன்ஸ் கட்டாயமில்லையாம்' என்று நண்பர் தன் குடும்பத்துக்கான காப்பீட்டை நிறுத்திவிட்டார். மறு வருடம் வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அபராதம் கட்டினார். அன்றைய சட்டப்படி வயது வந்தவர் ஒருவருக்கு 695 டாலர், அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாம் பார்த்து வளர்ந்த முறை வேறு. அதே வாரம், ஜனவரி 21 அன்று, ஜல்லிக்கட்டுக்காகத் தமிழக ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். சட்டமன்றம் இரண்டு நாள் கழித்துத்தான் மசோதாவை நிறைவேற்றியது. ஆனாலும் அந்த அவசரச் சட்டம் பிறந்த அன்றே சட்டம்தான். அமெரிக்க அதிபருக்கு இந்த வசதி கிடையாது. அவருடைய ஆணை நம்மூர் ஜி.ஓ.வுக்கு நெருக்கமானது: ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று தன் துறைகளுக்குச் சொல்வது. 2017 ஆணையிலேயே 'சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு' என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். எந்த ஆணை வந்தாலும் முதலில் அந்தத் தொடரைத் தேடுங்கள்.

சட்டத்தை மாற்ற காங்கிரஸ் வேண்டும். (இங்கே காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை, நாடாளுமன்றம். எனக்கும் பழக ஆறு மாதம் ஆனது.) 2017 ஜூலை 28, நள்ளிரவு தாண்டிய நேரம். அதிபரின் சொந்தக் கட்சிக்காரரான ஜான் மெக்கெய்ன் மேலவையான செனட்டில் கட்டைவிரலைக் கீழே காட்ட, ஒபாமாகேரை முடக்கும் மசோதா 49-51 என்று தோற்றது. அந்த அபராதம் கடைசியில் போனது டிசம்பரில் காங்கிரஸ் நிறைவேற்றிய வரிச் சட்டத்தால். அதுவும் 2019 முதல்தான். அப்போதும் கதை முடியவில்லை. நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் காப்பீடு இல்லாதவருக்கு மாநில அபராதம் உண்டு. நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் குடியேறுகிறவர்கள் கவனிக்க.

அதற்காக அதிபர் ஆணை எல்லாம் வெற்றுக் காகிதம் என்று நினைத்துவிடவும் கூடாது. குடியேற்ற விஷயத்தில் காங்கிரஸே அதிபருக்கு நிறைய அதிகாரம் கொடுத்து வைத்திருக்கிறது. 2019 அக்டோபரில் ஒரு பிரகடனம் வந்தது: வெளிநாட்டுத் தூதரகத்தில் குடியேற்ற விசா கேட்பவர், நாட்டுக்குள் வந்த 30 நாளுக்குள் காப்பீடு எடுப்பேன் என்றோ, மருத்துவச் செலவைத் தாங்க வசதி உண்டு என்றோ காட்ட வேண்டும். நவம்பர் 3 முதல் அமல். நவம்பர் 2 அன்று ஓரிகான் மாநில ஃபெடரல் நீதிபதி ஒருவர் நிறுத்திவைத்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீதிபதி போட்ட தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2021 மே மாதம் பைடன் அந்தப் பிரகடனத்தையே திரும்பப் பெற்றார். ஊரில் அம்மா அப்பாவுக்கு கிரீன் கார்டு கேட்டுக் காத்திருந்தவர்கள் இந்த ஒன்றரை வருடமும் நாளுக்கொரு செய்தியாகக் கேட்டு அல்லாடினார்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது காணொளி வராத சட்டங்கள்தான். கிரீன் கார்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் மெடிக்கெய்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது கிளின்டன் கையெழுத்திட்ட 1996 சட்டம். அதற்குப் பிறகு எத்தனை அதிபர்கள் வந்து போனார்கள். விதி அப்படியே இருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பட்ஜெட் சட்டத்தின்படி, 2027 முதல் ஹெச்-1பி வேலை விசாவிலும் எஃப்-1 மாணவர் விசாவிலும் இருப்பவர்களுக்கு ஒபாமாகேர் பிரீமியத்துக்கான வரிச் சலுகை கிடையாது. குழுவில் இதை யாராவது அனுப்பினார்களா?

வேலை போனால் கம்பெனி காப்பீடும் போகும். அன்றிலிருந்து 60 நாளுக்குள் ஒபாமாகேர் சந்தையில் புதிய காப்பீடு எடுக்கலாம். பழைய கம்பெனியின் காப்பீட்டையே முழுப் பணமும் கட்டித் தொடரும் கோப்ரா ஏற்பாட்டுக்கும் முடிவெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. ஹெச்-1பி காரர்களுக்கு வேலை போன பிறகு நாட்டில் தங்கும் விசா அவகாசமும் அதிகபட்சம் 60 நாள்தான் என்பதால், மூன்றையும் ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள்.