மதர்-இன்-லா: எங்கே அழுத்துவது, எங்கே ‘ஸ்’ போடுவது

மாமியாரை ஆங்கிலத்தில் சொல்லும்போது நம்மில் பலர் ‘லா’வில்தான் குரலை ஊன்றுகிறோம். நெடிலைக் கண்டால் அங்கே ஊன்றுவது நம் நாக்கின் பழக்கம். ஆங்கிலத்தில் முதன்மை அழுத்தம் முதல் குறிலான ‘ம’வில் விழுகிறது. ‘தர்’ தேய்ந்துவிடும், ‘இன்’ வேகமாகக் கடந்துபோகும். ‘லா’வை நீட்டலாம், ஆனால் ‘ம’வை விட ஓங்கி ஒலிக்கக் கூடாது. பல அகராதிகளில் அழுத்தத்தைக் காட்டச் சொல்லின் தலைக்கு மேலே தெரியும் சிறு கோடு, தனக்குப் பின்னால் வரும் சிலபிளுக்கு, அதாவது ஒலித்துண்டுக்கு, உரியது. பலர் அதை முந்தைய சிலபிளோடு சேர்த்துப் படித்துவிடுகிறார்கள்.

சிலபிளை நம் யாப்பின் அசையாக எண்ணுவது இன்னொரு தவறு. யாப்புக் கணக்கில் ‘மதர்’ ஒரே நிரையசை. ஆங்கிலத்தில் ஓர் உயிரொலிக்கு ஒரு சிலபிள் என்பதால் அது இரண்டு, முழுச்சொல்லுக்கு நான்கு. ஒன்றில் மட்டும் தமிழ் கைகொடுக்கிறது. ‘அது’ என்னும்போது வரும் மெல்லிய ‘து’வின் ஒலியே ‘மதரி’ன் நடுவிலும். ‘மத்தர்’ என்று இரட்டித்தால் அது கெட்டுவிடும்.

எழுத்தில் அதிகம் பார்க்கும் பிழை பன்மை. இரண்டு மாமியார்கள் என்றால் ‘மதர்ஸ்-இன்-லா’. எண்ணப்படுவது மதர், ‘இன்-லா’ அவர் எப்படிப்பட்ட தாய் என்று சொல்லும் ஒட்டு. அதனால்தான் ‘ஸ்’ நடுவில் நுழைகிறது. ஆனால் ‘மாமியாருடைய வீடு’ என்னும்போது உடைமைக் குறி முழுச்சொல்லுக்கும் உரியது, கடைசியில் ‘லா’வோடு சேரும். சொற்களை இணைக்கும் இரண்டு சிறு கோடுகளையும் விட்டுவிடாதீர்கள்.

‘லா’ என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வரும். இங்கே அது திருச்சபைச் சட்டம். மணத்தால் உறவானவர்களில் யாரை மணக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. முற்காலத்தில் மாற்றாந்தாயையும் இதே சொல்லால் குறித்ததுண்டு, பழைய நாவல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். இன்று அதற்குரிய ‘ஸ்டெப்மதரி’ல் உள்ள ‘ஸ்டெப்’ படிக்கட்டு அல்ல. பெற்றோரை இழந்த நிலையைச் சுட்டிய பழைய ஆங்கில வேரிலிருந்து வந்தது.

மொழிபெயர்க்கும்போது பெரிய சறுக்கல் ‘சிஸ்டர்-இன்-லா’வில். அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள் மூவருக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல். யாரென்று தெரிய வேண்டிய இடத்தில் ‘கணவரின் சகோதரி’, ‘அண்ணனின் மனைவி’ என்று ஆங்கிலத்தில் விரித்தே எழுதுங்கள்.