ஹெல்தியா சாப்பிட்டு எக்சர்சைஸும் பண்ணியும் தலை சுத்துதா? எல்லாரும் பண்ற தவறுகள்

ஜங்க் ஃபுட்டை விட்டாச்சு, ஸ்வீட் பக்கமே போறதில்ல, காய்கறி பழம்னு பாத்துப் பாத்து சாப்பிடறாங்க, எக்சர்சைஸும் விடாம பண்றாங்க, ஆனா மதியத்துக்கு மேல உடம்புல தெம்பே இருக்காது, குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வரும். எல்லாமே சரியாத்தானே பண்றேன், அப்புறம் ஏன் இப்படின்னு கேக்கறவங்க நிறைய பேர். பல பேருக்கு பதில் ரொம்ப சிம்பிள்: சாப்பிடறது நல்ல சாப்பாடுதான், ஆனா பத்தாத சாப்பாடு.

இதுல முதல் தவறே அசதியை சோம்பேறித்தனம்னு நினைக்கறதுதான். "இன்னும் ஸ்டாமினா வரல போல"ன்னு இன்னும் அரை மணி நேரம் கார்டியோவை கூட்டுவாங்க, இல்லன்னா "ஏதோ தப்பா சாப்பிடறேன்"னு இருக்கறதுல இன்னொரு ஐட்டத்தையும் வெட்டிடுவாங்க. சிலர் இது உடம்புல இருக்கற கழிவு வெளியேறுற அறிகுறின்னு வேற சொல்லி சமாதானப்படுத்துவாங்க, அதெல்லாம் நம்பாதீங்க.

கணக்கு போட்டு பாத்தாதான் இது புரியும். வெள்ளரி, தக்காளி, கேரட், கீரைன்னு 400 கிராம் அளவுக்கு ஒரு பெரிய கிண்ணம் சாலட், எண்ணெய் எதுவும் ஊத்தாம, கூட ரெண்டு அவிச்ச முட்டை. பாக்க மலை மாதிரி இருக்கும், வயிறும் ரொம்பிடும், ஏன்னா அதுல பெரும்பங்கு தண்ணியும் நாரும்தான். கலோரி? சாலட் கிட்டத்தட்ட 100, முட்டை ரெண்டும் சேர்த்து 150, ஆக 250. ஆனா 60 கிலோ எடை இருக்கற ஒருத்தர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல ஒரு மணி நேரம் ஓடினா சுமாரா 500 கலோரி போயிடும். அந்த மதிய சாப்பாடு அந்த ஓட்டத்துக்கே பாதிதான், அப்புறம் இதயம், மூளை, கிட்னி எல்லாம் எதை வச்சு ஓடும்?

எக்சர்சைஸுக்கு செலவானது போக உடம்போட அன்றாட வேலைக்கு எவ்வளவு கலோரி மிஞ்சுதுன்னு பாக்கற ஒரு அளவு இருக்கு. மொத்த எடையில கொழுப்பை கழிச்சிட்டு, மீதி ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கலோரிக்கு கீழ நாள் கணக்கா போய்க்கிட்டிருந்தா பிரச்சனை வர வாய்ப்பு அதிகம்னு ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல சொல்வாங்க. அதே 60 கிலோ ஆளுக்கு கொழுப்பு 15 கிலோன்னு வச்சுக்கங்க, மீதி 45, அப்போ ஓடினது போக குறைஞ்சது 1350 கலோரி மிஞ்சணும். அவர் சாப்பிடறது 1500, ஓட்டத்துக்கு 500 போச்சு, கையில இருக்கறது வெறும் 1000. இது எல்லாருக்கும் கறாரா பொருந்தற கோடு இல்ல, ஆனா எவ்வளவு சுலபமா பள்ளத்துல விழறோம்னு தெரியுதுல்ல? இந்த நிலையை 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ரெட்-எஸ்னு (RED-S, அதாவது Relative Energy Deficiency in Sport) பேர் வச்சு சொன்னாங்க, பேர் பெருசா இருந்தாலும் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வர்றது இல்ல இது. பீரியட்ஸ் தள்ளிப்போறது இல்ல நின்னே போறது, எப்பவும் குளிர்ற மாதிரி இருக்கறது, சின்ன சின்ன காயம்கூட ஆறாம இழுக்கறது, எதுக்கெடுத்தாலும் எரிச்சல், ஆண்களுக்கு செக்ஸ்ல ஆர்வம் குறையறது, இதெல்லாம் அசதியோட சேர்ந்து வந்தா சந்தேகப்படணும். மூணு மாசமா பீரியட்ஸ் வரலன்னா "எக்சர்சைஸ் பண்றதால அப்படித்தான்"னு விட்டுடாதீங்க, டாக்டரை பாருங்க.

வாட்ச் காட்டற கலோரியை நம்பி சாப்பாட்டை குறைக்கறதும் தப்பு, அது ஒரு குத்துமதிப்புதான்.

அடுத்து கார்ப், அதாவது அரிசி, சப்பாத்தி மாதிரி மாவுச்சத்து. எடை குறையணும்னு ஒரே நாள்ல கார்ப் மொத்தத்தையும் நிறுத்திடறாங்க. உடம்பு கார்ப்பை கிளைக்கோஜனா மாத்திதான் தசையிலயும் கல்லீரல்லயும் சேமிச்சு வச்சிருக்கும், அந்த கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணியை பிடிச்சு வச்சிருக்கும். கார்ப் நின்னா அந்த ஸ்டாக் கரையும், தண்ணியும் கூடவே போயிடும், இன்சுலின் குறையறதால கிட்னி உப்புல இருக்கற சோடியத்தையும் அதிகமா வெளிய தள்ளும். முதல் வாரம் எடை மெஷின்ல நம்பர் சரசரன்னு இறங்குறதுக்கு பெரிய காரணம் இதுதான், அதை பாத்து எல்லாரும் குஷியா இருப்பாங்க, அதே வாரத்துலதான் எந்திரிச்சு நின்னா கிறுகிறுங்குதுன்னும் சொல்வாங்க. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்.

இதோட உப்பு விஷயமும் சேர்ந்துக்கும். பாக்கெட் ஐட்டம், வெளிச்சாப்பாடு ரெண்டையும் நிறுத்தினாலே உப்பு நல்லா குறைஞ்சுடலாம், ஏன்னா அதையே அதிகமா சாப்பிட்டவங்களுக்கு உப்பு அதுலேர்ந்துதான் நிறைய வந்துட்டிருந்தது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது சரிதான், ஆனா உப்பே கூடாதுன்னு யாரும் சொல்லல. வேர்த்து விறுவிறுக்க பயிற்சி பண்றவங்களுக்கு ஒரு லிட்டர் வேர்வையில ஒரு கிராமை ஒட்டி சோடியம் போகலாம், ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும், கருப்பு டி-ஷர்ட்டுல வெள்ளை வெள்ளையா உப்பு கோடு படிஞ்சா நீங்க அதிகமா இழக்கற ஆள்னு வச்சுக்கலாம். இதுக்கு வெறும் தண்ணியா குடிச்சு தள்ளறது தீர்வு இல்ல, ரொம்ப நேர பயிற்சியில அளவுக்கு மீறி தண்ணி குடிச்சா ரத்தத்துல சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், குழப்பம்னு ஆபத்தாவே முடியலாம். தாகத்துக்கு குடிங்க, நீண்ட பயிற்சின்னா உப்பும் கொஞ்சம் உள்ள போகட்டும். பிபி, இதயம், கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மட்டும் இதை சொந்தமா ட்ரை பண்ணாதீங்க, டாக்டரை கேட்டுட்டு பண்ணுங்க.

தலை சுத்தறது எப்போன்னு கவனிக்காம விடறது இன்னொரு தப்பு. ஓடி முடிச்சு டக்குன்னு நிக்கறப்போ வந்தா அதுக்கு காரணம் வேற. ஓடும்போது கால் ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சிருக்கும், கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் பம்ப் மாதிரி ரத்தத்தை மேல தள்ளிக்கிட்டிருக்கும். நீங்க ட்ரெட்மில்லை ஆஃப் பண்ணிட்டு அப்படியே நின்னீங்கன்னா பம்ப் நின்னுடுச்சு, ரத்தம் கால்லயே தேங்கும், மூளைக்கு போறது குறையும், காது அடைக்கும், கண்ணு மங்கும். அதனால 5லேர்ந்து 10 நிமிஷம் மெதுவா நடந்து முடிங்க, உடனே சுடுதண்ணியில குளிக்கவும் போகாதீங்க, அது ரத்தக்குழாயை இன்னும் விரிக்கும். அப்படியே வந்துடுச்சுன்னா கவுரவம் பாக்காம தரையில படுத்து காலை தூக்கி வைங்க, யாராவது உங்களை தூக்கி நிறுத்த பாத்தா வேணாம்னு சொல்லுங்க. வெயிட் தூக்கறப்போ மட்டும் வருதுன்னா மூச்சை அடக்கி பிடிக்கறீங்களான்னு பாருங்க. வெறும் வயித்துல கடுமையா பண்ணா வருதுன்னா அரை மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு பாருங்க, கொழுப்பு கரையறது ஒண்ணும் நின்னுடாது.

படுக்கையிலேர்ந்தோ நாற்காலியிலேர்ந்தோ எந்திரிக்கறப்போ வருதுன்னா, பிபி மெஷின் இருந்தா நீங்களே பாக்கலாம். 5 நிமிஷம் படுத்துக்கிட்டு அளந்து எழுதிக்கங்க, எந்திரிச்சு நின்னு 1வது நிமிஷமும் 3வது நிமிஷமும் அளங்க. மேல் நம்பர் 20 இல்ல கீழ் நம்பர் 10 இறங்குச்சுன்னா அதை டாக்டர்கிட்ட காட்டணும். கண்ணு இருட்டறது இல்லாம ரூமே சுழல்ற மாதிரி இருந்தா அது காது சம்பந்தப்பட்டதா இருக்கலாம், சாப்பாட்டை மாத்தி பிரயோஜனம் இல்ல.

டெஸ்ட் விஷயத்துல பண்ற தப்புதான் எனக்கு ரொம்ப எரிச்சலா இருக்கும். ஹீமோகுளோபின் மட்டும் பாத்துட்டு "நார்மல், ஒண்ணும் இல்ல"ன்னு முடிச்சிடறது. பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13க்கு கீழ போனாதான் ரத்தசோகைன்னு சொல்வாங்க, ஆனா அது குறையறதுக்கு ரொம்ப முன்னாடியே இரும்புச்சத்து சேமிப்பு காலியாகலாம், அப்பவே அசதி வந்துடும். அதை காட்டறது ஃபெரிட்டின் டெஸ்ட், 30க்கு கீழ இருந்தாலே பல டாக்டர்கள் குறைபாடுன்னுதான் எடுத்துப்பாங்க. கீரையா சாப்பிட்டு தள்ளினாலும் அதுல இருக்கற இரும்பு உடம்புல குறைச்சலாத்தான் ஏறும், சாப்பாட்டோடயே டீ காபி குடிச்சா அதுவும் கெட்டுது, கூட விட்டமின் சி இருக்கற பழம் சேர்ந்தா கொஞ்சம் நல்லா ஏறும். அசைவமே இல்லாதவங்க, மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரையை ரொம்ப நாளா எடுக்கறவங்க பி12ம் பாக்கணும், தைராய்டும் சேர்த்து பாத்துடலாம். டெஸ்ட் பண்ணாமலே இரும்பு மாத்திரை வாங்கி முழுங்காதீங்க, அதிகமானாலும் கெடுதல்தான், அதுவும் ஒரு ஆணுக்கு இரும்பு குறையுதுன்னா எங்கேயாவது ரத்தம் கசியுதான்னு தேடணும், மாத்திரை போட்டு மூடி மறைக்கறது இல்ல.

மாத்திரைன்னதும் ஞாபகம் வருது. பழைய எடைக்கு எழுதிக் கொடுத்த பிபி மாத்திரையை 10 கிலோ குறைஞ்சப்புறமும் அதே டோஸ்ல போட்டுக்கிட்டு இருப்பாங்க, எடை குறைஞ்சதால பிபியே இறங்கியிருக்கும், மாத்திரை இன்னும் இறக்கும், அப்புறம் தலை சுத்தாம என்ன பண்ணும்? சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க சாப்பாட்டை குறைச்சு எக்சர்சைஸை கூட்டினா சுகர் 70க்கு கீழ போகலாம், நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தா உடனே அளந்து பாத்து 15 கிராம் சர்க்கரை எடுத்துக்கிட்டு 15 நிமிஷத்துல மறுபடி பாக்கணும். டோஸை நீங்களா நிறுத்தாதீங்க, போன் பண்ணி கேளுங்க.

தூக்கம், ரெஸ்ட் டே பத்தி எல்லாருக்கும் தெரியும், யாரும் எடுக்கறதுதான் இல்ல.

எக்சர்சைஸ் நடந்துக்கிட்டு இருக்கும்போதே மயங்கி விழுந்தா, நெஞ்சு வலி, திடீர் படபடப்பு, மூச்சு வாங்கறது கூட சேர்ந்தா, மலம் தார் மாதிரி கருப்பா போனா, கை கால் ஒரு பக்கம் மட்டும் இழுத்தா, வீட்டுல யாராவது சின்ன வயசுலயே திடீர்னு இறந்திருந்தா, மேல சொன்ன எந்த சாப்பாட்டு கணக்கும் வேணாம், பயிற்சியை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க, விழுந்தது, நெஞ்சு வலி, ஒரு பக்கம் இழுக்கறதுன்னா அப்பவே எமர்ஜென்சி. போகும்போது ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டீங்க, எப்போ எப்போ தலை சுத்துச்சு, என்ன மாத்திரை எடுக்கறீங்க, கடைசி பீரியட்ஸ் எப்போ, இதை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க, டாக்டருக்கு பாதி வேலை மிச்சம்.