கடலுக்குப் போகும் குப்பையைக் கொங்கு நாட்டிலேயே மறிப்பது எப்படி

வெள்ளியங்கிரி மலையில் புறப்படும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்து நொய்யல் ஊரில் காவிரியோடு சேர்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. சிங்காநல்லூரில் வீசிய கேரி பேக் கோடை முழுக்க வாய்க்காலில் கிடக்கும். முதல் வெள்ளம் வந்ததும் கிளம்பிவிடும். வழியில் தடுப்பணைகளில் கொஞ்சம் சிக்கும், மிச்சம் கடலுக்குத்தான். விரிந்து கிடக்கும் கடற்கரையில் பொறுக்குவதைவிட, ஆறடி வாய்க்காலில் மறிப்பது எவ்வளவோ சுலபம். அதனால் உங்கள் ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்வதென்றால், கரையில் பொறுக்கும் நாளை மட்டும் திட்டமிடாமல், குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் அனுமதி. மாநகராட்சிக்குள் இருக்கும் குளம் என்றால் மாநகராட்சி, ஆற்றுப் பாசனக் குளம் என்றால் நீர்வளத் துறை, ஊர்க் குட்டை என்றால் ஊராட்சி. எழுத்தில் வாங்குங்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே எதைக் கட்டுவதாக இருந்தாலும், மரம் வெட்டுவதாக இருந்தாலும் (சீமைக்கருவேலம் உட்பட) அதைக் கடிதத்தில் தனியாகக் குறிப்பிட வேண்டும். குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். மூட்டை கட்டிக் கரையில் வைத்துவிட்டு, வண்டி வராமல் போனால், ராத்திரியே நாய்கள் கிழித்துப் பரப்பிவிடும்.

தேதிக்குச் செப்டம்பர் பொருத்தம். உலகக் கடற்கரைத் தூய்மை நாள் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை வருகிறது. நமக்கும் அது வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய காலம், வலசைப் பறவைகளும் வந்து கூடியிருக்காது. ஆனால் அந்தச் சனிக்கிழமை புரட்டாசியில் விழுந்தால் பாதிப் பேர் காரமடைக்கோ வேறு பெருமாள் கோயிலுக்கோ போய்விடுவார்கள். மறுநாள் ஞாயிறு காலை 6 மணி முதல் 9 மணி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மறிப்பு. ஆறடி அகல வாய்க்காலுக்கு ஒரு மிதவை வேலி போதும். 12 மி.மீ. நைலான் கயிறு 15 அடி, மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஆறு, ஓரங்குலக் கண் உள்ள கெட்டியான பிளாஸ்டிக் வேலி வலை ஒன்றரை அடி அகலத்தில் ஒன்பதடி நீளம், லேத் பட்டறையில் கிடைக்கும் பழைய நட்டுகள் பத்துப் பன்னிரண்டு. கேன்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கயிற்றில் கட்டுங்கள். வலையை அரையடி தண்ணீருக்கு மேலேயும் ஓரடி கீழேயும் இருக்கும்படி கயிற்றோடு தைத்து, அடி ஓரத்தில் அடிக்கொரு நட்டைத் தொங்கவிடுங்கள். நட்டு இல்லாவிட்டால் நீரோட்டத்தில் வலை மேலே மடங்கி, குப்பை அடியில் நுழைந்து போய்விடும். மீன் வலை வேண்டவே வேண்டாம். அதில் ஆமையும் தண்ணீர்ப் பாம்பும் சிக்கிச் சாகும். வலை தரையைத் தொடவும் கூடாது. அடியில் மீனுக்கும் வண்டலுக்கும் வழி இருக்கட்டும்.

குறுக்கே நேராகக் கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. நடுவில் குப்பை திரண்டு தண்ணீர் ஏறி, கரையை அரித்துக்கொண்டு பக்கவாட்டில் வழி பிடிக்கும். சுமார் 45 பாகைக் கோணத்தில் சாய்த்துக் கட்டுங்கள். குப்பை வேலியோரமாக நழுவி, கீழ்முனையில், அதாவது தண்ணீர் போகும் பக்கத்து முனையில், ஒதுங்கும். ஆள் இறங்கி அள்ள வசதியான கரையில் அந்தக் கீழ்முனை அமைய வேண்டும். மேல்முனையை மரத்திலோ, மூன்றடி மண்ணுக்குள் அடித்த ஐந்தடி இரும்பு ஆங்கிளிலோ நிரந்தரமாகக் கட்டுங்கள். கீழ்முனைக்குக் கொக்கி மட்டும். மேலே மழை பிடித்துத் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கொக்கியைக் கழற்றினால், வேலி தானாக எதிர்க்கரையோரம் ஒதுங்கிவிடும். கழற்றாமல் விட்டால் வேலியும் போகும், பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீரும் ஏறும். அப்புறம் அந்த ஊரில் மறுபடி வேலி கட்ட யாரும் விடமாட்டார்கள். வாய்க்காலுக்கு அருகிலேயே குடியிருக்கும் இரண்டு பேரிடம் கொக்கிப் பொறுப்பைக் கொடுங்கள். சாதாரண நாளில் இரண்டு நாளைக்கு ஒருமுறை அள்ளினால் போதும், மழைக்காலத்தில் தினமும்.

கரை வேலைக்கு முப்பது பேர் தாராளம். நூறு பேரைக் கூட்டினால் எழுபது பேர் செல்பி எடுத்துக்கொண்டு நிற்பார்கள். ஆறு பேர் ஒரு குழு: நான்கு பேர் பொறுக்க, ஒருவர் சாக்கைப் பிடிக்க, ஒருவர் எடை பார்த்து எழுத. குழுவுக்கு அறுபது மீட்டர் கரை. புதுப் பிளாஸ்டிக் பை வாங்க வேண்டாம், கோழித் தீவனச் சாக்கும் அரிசிச் சாக்கும் நிறையவே கிடைக்கும். குழுவுக்குப் பத்துச் சாக்கு, இரண்டு பாண்டு (மண் அள்ளும் சட்டி), ஒரு மண்வெட்டி, ஒரு துறட்டி, எல்லாருக்கும் கெட்டி ரப்பர் கையுறை. செருப்போடு வருகிறவரைக் கரையில் எழுதும் வேலைக்கு அனுப்புங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். டீ, மோர் குடிக்க டம்ளர் கொண்டு வரச் சொல்லுங்கள்.

பொறுக்கும்போதே பிரிக்க வேண்டும். சேறு படிந்த பாட்டிலையும் சோற்றுப் பொட்டலத்தையும் ஒரே சாக்கில் போட்டால் பழைய இரும்புக் கடைக்காரர் தொடமாட்டார். தண்ணீர் பாட்டில், கண்ணாடி பாட்டில், இரும்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சாக்கு. திருப்பூர்ப் பக்கம் பனியன் கட்டிங் வேஸ்ட் வரும். பேரூர், பவானி கூடுதுறைப் பக்கம் திதி கொடுத்துவிட்டு ஆற்றில் விட்ட வேட்டி சேலை வரும். நனைந்த துணி எடையில் ஆளைச் சாய்க்கும் என்பதால் சாக்கில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். சாமி படங்களை மிதிக்கிற இடத்தில் போடாமல் தனியாக வையுங்கள், சட்டக் கண்ணாடியையும் உடைக்க வேண்டாம். ஊசி, பிளேடு கண்டால் மூடி போட்ட பெயிண்ட் வாளிக்குள் போடுங்கள், சாக்கில் அல்ல. வாய் கட்டிய மூட்டை கனத்து நாறினால் கோழிக் கழிவு. பிரிக்காமல் அப்படியே வண்டியில் ஏற்றுங்கள். எதையும் அங்கேயே கொளுத்தக் கூடாது.

தண்ணீரில் இறங்குவது பற்றி ஒரே விதி: முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது. வண்டல் மண் எடுக்க இயந்திரம் இறங்கிய குளத்தில், மேலே பார்த்தால் தெரியாத ஆள் ஆழக் குழிகள் உண்டு. நீளமான மூங்கிலால் ஊன்றிப் பார்த்துவிட்டே அடி வைக்க வேண்டும். கையில் காலில் புண் இருப்பவர் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. குப்பைக் குவியலைக் கையால் புரட்டும் முன் கோலால் தட்டுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஆகாயத்தாமரையை இழுத்தால் கரையோரமே போட்டுவிட்டு வராதீர்கள். நீர்விளிம்பிலிருந்து பதினைந்தடி தள்ளிக் குவியுங்கள். ஒரு துண்டு தண்ணீரில் விழுந்தாலும் மறுபடி பெருகும். சாக்கடை கலக்கும் குளமாக இருந்தால் எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வரும். அந்த உழைப்பை வாய்க்கால் வேலிக்குச் செலவிடுவது மேல்.

பனங்கொட்டை உதிரும் பருவமும் இதுதான். கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்று, அரையடி ஆழத்தில் நேரடியாகவே ஊன்றுங்கள். பையில் முளைக்க வைத்து மாற்றி நட்டால் முளைக்குருத்து ஒடிந்துவிடும்.

குறிப்பேட்டில் மொத்த எடை மட்டும் போதாது. வேலியில் எந்தப் பொருள் எத்தனை சாக்கு, எந்தத் தேதி என்று எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் ஒரே பொருள் அதிகம் வந்தால், வாய்க்காலோரமாகவே மேலே நடந்து போய், கறிக்கடையா, மண்டபமா, தையல் பட்டறையா என்று பாருங்கள். இடத்தைப் படமெடுத்து, எடைக் கணக்கோடு மனுவாக எழுதி வையுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் கொடுத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேட்கலாம். நகரத்தில் என்றால் மாநகராட்சிக்கு ஒரு படி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு படி. இரண்டுக்கும் ரசீது வாங்கிக் குறிப்பேட்டிலேயே ஒட்டிவிடுங்கள்.